வெள்ளைப் பேப்பர் ஏன் சாம்பலாக வருகிறது? சின்ன அறை, இரண்டே பிளாஷ்

சாறிப்பெட்டி | ஞாயிறு இரவு 9.12

வணக்கம். வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் இருந்துகொண்டு ஒன்லைனில் சாறி விற்கிறேன். பின்னுக்கு ஒன்றுமே தெரியாத சுத்த வெள்ளையில் படம் எடுக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்காக 2.72 மீட்டர் அகல வெள்ளைப் பேப்பர் ரோல் ஒன்று வாங்கினேன். லிஃப்டுக்குள் போகவில்லை, நாலு மாடி படியால் தூக்கினோம்.

இவ்வளவு பாடுபட்டும் படத்தில் பேப்பர் வெள்ளையாக இல்லை. மழைக்கால வானம் மாதிரி இருக்கிறது. கணினியில் நிறத்தை அளந்து பார்த்தால் சிவப்பு, பச்சை, நீலம் 160, 165, 176 என்று காட்டுகிறது. சுத்த வெள்ளை என்றால் மூன்றும் 255. எக்ஸ்போஷரைக் கூட்டினால் தங்கச்சியின் முகம் வெளிறிப் போகிறது, பேப்பர் அப்போதும் முழுசாக வெளுக்கவில்லை.

அறை 10க்கு 12 அடி. குரொப் சென்சர் (சின்னச் சென்சர்) கமரா, 18-55 மிமீ லென்ஸ், பழைய 50 மிமீ லென்ஸ் ஒன்று. கமராவில் மாட்டும் வகை பிளாஷ் இரண்டு. வீடியோ ஒன்றில் பார்த்தபடி இரண்டையும் சொஃப்ட்பொக்ஸ் (ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டி) போட்டு தங்கச்சிக்கு முன்னால் இடமும் வலமும் 3 அடியில் வைத்தேன். அவள் பேப்பருக்கு 2 அடி முன்னால் நிற்கிறாள். எங்கே பிழை?

தெஹிவளை போன்காரன் | ஞாயிறு இரவு 9.31

இந்தக் காலத்தில் இதற்கெல்லாம் ஏன் கஷ்டப்படுகிறீர்கள்? போனில் ஒரு தட்டுத் தட்டினால் பின்னணி போய்விடும். நான் சேர்ட், சப்பாத்து எல்லாம் அப்படித்தான் போடுகிறேன். ரோலை யாருக்காவது விற்றுவிடுங்கள்.

சாறிப்பெட்டி | ஞாயிறு இரவு 9.50

அதைத்தான் முதலில் செய்தேன். முந்தானைக் குஞ்சத்தில் பாதியைக் காணோம். ஓர்கன்சா சாறி என்றால் துணிக்குள்ளால் தெரியும் பின்னணியை அது என்ன செய்வது என்று தெரியாமல் சாம்பல் திட்டாக விட்டுவிடுகிறது. ஒரு அக்கா "துணியில் கறையா?" என்று கேட்டே விட்டார்.

அரை ஸ்டொப் | ஞாயிறு இரவு 10.24

பிழை பேப்பரில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு எதிராகக் குறையும். உங்கள் பிளாஷிலிருந்து தங்கச்சிக்கு 3 அடி, பேப்பருக்கு 5 அடி. மூன்றை ஐந்தால் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.36. முகத்தில் விழும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடத்தான் பேப்பருக்குப் போகிறது. ஒரு ஸ்டொப் குறைந்தால் ஒளி பாதி, கூடினால் இரட்டிப்பு. அந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றரை ஸ்டொப் குறைவு.

வெள்ளைப் பேப்பர் தன் மேல் விழும் ஒளியில் 90 சதவீதமளவில் திருப்பி அனுப்பும். கமரா நடுச்சாம்பல் என்று எடுத்துக்கொள்வது 18 சதவீதம். அதாவது முகத்துக்குச் சமமாக ஒளி விழுந்தால் பேப்பர் நடுச்சாம்பலுக்கு 2.3 ஸ்டொப் மேலே நிற்கும். உங்களிடம் அதில் ஒன்றரை போய்விட்டது. மிச்சம் முக்கால் ஸ்டொப் சொச்சம். 160 வந்ததில் ஆச்சரியமே இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். தங்கச்சியைப் பேப்பரிலிருந்து இன்னும் தள்ளி நிறுத்தச் சொல்லி யாராவது சொல்வார்கள். அது சரியான அறிவுரைதான். ஆனால் இப்போதிருக்கும் லைட்டோடு அதை மட்டும் செய்தால் பேப்பர் இன்னும் இருளும். 5 அடி தள்ளினால் ஏறத்தாழ 2.8 ஸ்டொப் இழப்பு, அதாவது நடுச்சாம்பலுக்கும் கீழே. ஒரே வெள்ளைப் பேப்பரை வைத்துக் கறுப்புக்குக் கிட்டவான பின்னணிகூட எடுக்கலாம், பேப்பருக்கு ஒளி போகாமல் இருந்தால் சரி.

கொட்டாஞ்சேனை ஸ்டூடியோ | திங்கள் காலை 6.40

தம்பி கணக்கெல்லாம் வடிவாகச் சொல்லிவிட்டார். நான் கணக்கு இல்லாமல் சொல்கிறேன், பிள்ளை. ஆளுக்கு ஒரு லைட், சுவருக்கு ஒரு லைட். இரண்டும் வேறு வேறு வேலை. ஆளுக்குப் போட்ட லைட்டில் சுவரையும் வெளுக்கப் பார்த்தால் இரண்டும் கெடும்.

பிலிம் காலத்தில் எங்களுக்குத் திரையில் பார்க்கிற வசதி இல்லை. சுவருக்கு இரண்டு பெரிய பல்ப், இடமும் வலமும் வைத்துக் குறுக்காகத் திருப்பி விடுவோம். இடது பல்ப் சுவரின் வலதுபக்கத்தைப் பார்க்கும், வலது பல்ப் இடதுபக்கத்தை. அப்போதுதான் நடுவும் ஓரமும் ஒன்றாக வரும். பிறகு ஒரு பென்சிலைச் சுவரருகே பிடித்துப் பார்ப்போம். இரண்டு பக்கமும் விழும் நிழல் ஒரே அளவு கறுப்பாக இருந்தால் லைட் சமம். ஒளி அளக்கும் மீற்றர் இல்லாதவனின் மீற்றர் அது.

படத்தில் நீலம் கூட இருப்பதைக் கவனித்தீர்களா? 160க்கு 176. அறையில் ரியூப் லைட் எரிந்ததா?

சாறிப்பெட்டி | திங்கள் காலை 7.15

ஓம் ஐயா, எரிந்தது. யன்னலும் திறந்திருந்தது.

சரி, சுவருக்குத் தனி லைட் என்பது விளங்குகிறது. ஆனால் என்னிடம் இருப்பது இரண்டே பிளாஷ். அறையும் தீப்பெட்டி.

அரை ஸ்டொப் | திங்கள் மதியம் 12.55

இரண்டு போதும், அரை உருவப் படத்துக்கு.

ஒரு பிளாஷை சொஃப்ட்பொக்ஸோடு தங்கச்சிக்கு 45 பாகையில் வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு வெள்ளை ரெஜிபோம் (தெர்மோகோல்) அட்டை, அதுதான் உங்கள் இரண்டாவது லைட். தங்கச்சியைப் பேப்பரிலிருந்து 5 அடி முன்னுக்குக் கொண்டுவாருங்கள். மற்றப் பிளாஷை அவளின் முதுகுக்குப் பின்னால், ஒரு குட்டைக் கதிரையில், பேப்பரைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். உடம்பே அதை மறைத்துவிடும். பிளாஷோடு வரும் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடியைப் போட்டால் ஒளி பரவும்.

பேப்பர் முழுவதும் வெளுக்க வேண்டியதில்லை என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆளின் விளிம்பைச் சுற்றி, முடியைச் சுற்றி, குஞ்சத்தைச் சுற்றி வெள்ளையாக இருந்தால் போதும். படத்தின் மூலை சாம்பலாக இருந்தால் போட்டோஷொப்பில் ஒரு பெரிய பிரஷ்ஷால் இரண்டு நிமிட வேலை. முடிக்கு நடுவே சாம்பல் இருந்தால் இரண்டு மணி நேர வேலை.

இனி அளவு. மனுவல் மோடில் ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துவாரம் எஃப் 8, ஷட்டர் 1/160. பிளாஷும் மனுவலில். தானியங்கி மோடில் விட்டால் கமரா அந்த வெள்ளையைப் பார்த்து, வெளிச்சம் கூடிவிட்டது என்று பயந்து குறைத்துவிடும். பிறகு இந்த ஒழுங்கில் எடுங்கள்.

முதல் படம், இரண்டு பிளாஷும் அணைத்து. படம் முழுக் கறுப்பாக வர வேண்டும். வந்தால் ரியூப் லைட்டின் நீலம் உள்ளே வரவில்லை என்று அர்த்தம். இரண்டாவது, பின் பிளாஷ் மட்டும். கமராவில் வெளிச்சம் மிஞ்சிய இடம் மின்னிக் காட்டும் வசதி இருக்கும், அதைப் போட்டுக்கொள்ளுங்கள். 1/16 வலுவில் தொடங்கி, தங்கச்சியைச் சுற்றி மின்னத் தொடங்கும் வரை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். மின்னியதும் நிறுத்துங்கள். இந்தப் படத்தில் தங்கச்சி கரிய நிழலாகத்தான் தெரிய வேண்டும். மூன்றாவது, முன் பிளாஷ் மட்டும், முகத்துக்கு. நான்காவதுதான் இரண்டும் சேர்த்து.

முழு உருவம் வேண்டுமென்றால் உங்கள் அறைக்குள் நின்று 50 லென்ஸால் முடியாது. 7 அடி தூரத்தில் அது ஒரு மீட்டர் உயரத்தைத்தான் பிடிக்கும். கதவைத் திறந்து விறாந்தைக்குப் போங்கள். 18-55ஐ 35க்குத் திருப்பி மூன்றரை மீட்டர் தள்ளி நின்றால் தலையிலிருந்து கால்வரை இடம் விட்டே வரும்.

யன்னலோரம் | திங்கள் மாலை 4.20

பிளாஷே இல்லாதவர்களுக்காக ஒரு குறிப்பு. நான் வீட்டில் கேக் செய்து விற்கிறேன். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது பழகியதுதான் யன்னல் வெளிச்சம். யன்னலைப் பக்கத்தில் வைக்காமல் பின்னுக்கு வைத்தேன். கண்ணாடியில் டிரேசிங் பேப்பர் இரண்டு மடிப்பு ஒட்டினால் யன்னலே வெள்ளைப் பின்னணி ஆகிவிடும். கேக்குக்கு முன்னால் வெள்ளை அட்டை இரண்டு. போனில் கேக்கின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தை மேலே இழுத்தால் சரி.

வடக்குப் பார்த்த யன்னல்தான் நல்லது, அதில் வெயில் படாது என்று எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள். அதை நம்பி ஜூன் மாதத்தில் ஒரு பட்டர் கிரீம் கேக்கை உருக்கினேன். நாங்கள் இருப்பது 7 பாகை வடக்கில். ஏப்ரல் இரண்டாம் கிழமை அளவில் சூரியன் தலைக்கு மேலால் வடக்கே போய், செப்டம்பர் தொடக்கத்தில்தான் திரும்பி வருகிறது. அந்த ஐந்து மாதமும் கொழும்பில் வடக்கு யன்னலில்தான் வெயில். அந்த நாட்களில் தெற்கு யன்னலுக்கு மாறுங்கள்.

தெஹிவளை போன்காரன் | திங்கள் மாலை 5.02

இது எனக்குத் தெரியாது. என் மேசை வடக்கு யன்னலோரம்தான். இன்னொன்று: ரிங் லைட்டில் எடுத்தால் படத்தில் கறுப்புக் கோடு கோடாக ஓடுகிறதே, அது ஏன்?

அரை ஸ்டொப் | திங்கள் மாலை 6.11

நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். மலிவான எல்ஈடி செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் கோடு போய்விடும்.

ரோல் வாங்கக் காசில்லை | திங்கள் இரவு 8.47

வெள்ளை பெட்சீட் பாவிக்கலாமா?

கொட்டாஞ்சேனை ஸ்டூடியோ | திங்கள் இரவு 9.05

அயர்ன் பண்ணி, இறுக்கிக் கட்டி, பின்னுக்குச் சுவரும் வெள்ளை என்றால் பாவிக்கலாம். ஆனால் சலவைத்தூளில் போடும் வெண்மையூட்டி பிளாஷில் உள்ள புறஊதாவைப் பிடித்து நீலமாக ஒளிரும். கண்ணுக்குப் பளிச், படத்துக்கு நீலம். சின்னப் பொருளுக்கு, பிள்ளைகள் பள்ளிக்கூட வேலைக்கு வாங்கும் பிறிஸ்டல் போர்ட் இரண்டு போதும். மேசையில் பாதி, சுவரில் பாதி. மடிக்காமல் வளைத்து விட வேண்டும், மடித்தால் கோடு விழும்.

சாறிப்பெட்டி | புதன் இரவு 10.30

வெள்ளை வந்துவிட்டது! 255, 255, 255. இரவு பத்து மணிக்கு நானும் தங்கச்சியும் கத்தியதில் கீழ் வீட்டு அன்ரி மேலே வந்துவிட்டார்.

சந்தோஷம் அரை மணி நேரம்தான். கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் தங்கச்சியின் கறுப்பு முடி சாம்பலாக இருக்கிறது. தோள் விளிம்பு பின்னணிக்குள் கரைந்து போயிருக்கிறது. படம் முழுக்கப் பால் ஊற்றியது மாதிரி ஒரு மங்கல். பின் பிளாஷை 1/1இல், அதாவது முழு வலுவில் வைத்தேன். வெள்ளை தானே, கூடக் கூட நல்லது என்று நினைத்தேன்.

செட்டியார் தெரு | புதன் இரவு 11.14

இவ்வளவு நாளும் சும்மா வாசித்துக்கொண்டிருந்தேன், இப்போது எழுதத்தான் வேண்டும். நான் நகைப் படம் எடுப்பவன், எனக்கு இந்த வெள்ளை பொல்லாத எதிரி.

255க்கு மேலே ஒரு எண் கிடையாது. பேப்பர் 255ஐத் தொட்ட பிறகு நீங்கள் கூட்டும் ஒவ்வொரு ஸ்டொப்பும் பின்னணிக்குப் போகவில்லை, லென்ஸுக்குள்ளும் தங்கச்சியின் தோளிலும்தான் போகிறது. முகத்தில் விழும் ஒளியை விடப் பேப்பரில் விழும் ஒளி ஒரு ஸ்டொப் கூட இருந்தால் தாராளம். ஒன்றரையைத் தாண்டினால் விளிம்பைத் தின்னத் தொடங்கும். முழு வலுவிலிருந்து கால் வலுவுக்கு இறக்கிப் பாருங்கள், அதுவே இரண்டு ஸ்டொப் குறைவு.

அடுத்தது, படம் எடுக்கும்போது பின்னணி என்பது லென்ஸை நேராகப் பார்த்துக்கொண்டிருக்கும் பெரிய விளக்கு. லென்ஸில் தூசி, கைரேகை எது இருந்தாலும் அது ஒளியைச் சிதறடித்துக் கறுப்பையெல்லாம் சாம்பலாக்கும். கறுப்புப் பின்னணியில் அதே லென்ஸ் நன்றாகவே வேலை செய்யும், அதனால் குறை தெரியாது. நீங்கள் இருப்பது கடலோரம். முன்னால் யூவி ஃபில்டர் என்கிற பாதுகாப்புக் கண்ணாடி மாட்டியிருந்தால் கழற்றுங்கள். லென்ஸைக் கமராவிலிருந்து எடுத்து, பின்பக்கத்தால் போன் டோர்ச் அடித்து, முன்பக்கத்தால் சரிவாகப் பாருங்கள்.

கொட்டாஞ்சேனை ஸ்டூடியோ | வியாழன் காலை 6.25

அறைச் சுவரெல்லாம் வெள்ளையா பிள்ளை? அப்படியென்றால் பேப்பரில் பட்ட வெளிச்சம் நாலு சுவரிலும் தெறித்துத் திரும்பி வந்து கன்னத்தில் விழும். தங்கச்சிக்கு இரண்டு பக்கமும் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள், கமராவின் கண்ணுக்குப் படாத தூரத்தில். பழைய குடைத்துணியும் போதும்.

சாறிப்பெட்டி | வியாழன் இரவு 9.40

டோர்ச் அடித்துப் பார்த்தேன், வயிறு கலங்கிவிட்டது. 50 லென்ஸுக்குள் ஓரமாக வெள்ளை நூல் மாதிரி, சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கிறது. யூவி ஃபில்டரில் விரல் வைத்தால் உப்புப் பிசுக்கு. இரண்டு வருடமாக அலுமாரிக்குள் தோல் பையில் போட்டு வைத்திருந்தேன்.

18-55ஐப் போட்டு, ஃபில்டர் இல்லாமல், பின் பிளாஷ் 1/4, இரு பக்கமும் அம்மாவின் கறுப்புச் சால்வை. முடி கறுப்பு! விளிம்பு கூர்மை! சிவப்புப் பட்டு சிவப்பாகவே இருக்கிறது.

செட்டியார் தெரு | வியாழன் இரவு 10.05

அது பூஞ்சணம். 50ஐத் திருத்துநரிடம் கொடுங்கள், நீங்களே திறக்க வேண்டாம். மற்ற லென்ஸைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். சின்ன ஈரப்பதமானி ஒன்றையும் உள்ளே போட்டு 40க்கும் 50க்கும் இடையில் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தோல் பையைத் தூக்கி எறியுங்கள். பூஞ்சணத்துக்கு இந்த ஊரில் அதைவிட நல்ல வீடு கிடைக்காது.

தெஹிவளை போன்காரன் | வெள்ளி காலை 11.20

எல்லாம் சரி, உண்மையிலேயே 255 தேவையா? என் வாடிக்கையாளர் 245க்கும் 255க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பாரா?

அரை ஸ்டொப் | வெள்ளி மதியம் 1.10

முகநூலிலோ வாட்ஸ்அப்பிலோ கண்டுபிடிக்க மாட்டார். ஆனால் அமேசான் போன்ற இடத்தில் முதன்மைப் படத்துக்கு 255, 255, 255 என்றே விதி இருக்கிறது, பொருளும் படத்தின் பரப்பில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். உங்கள் தளத்தின் பக்கம் வெள்ளை என்றால் 245 பின்னணி ஒரு மங்கல் பெட்டியாகத் தெரியும். நல்ல திரையில் அது அசிங்கம்.

சோதிக்க எளிய வழி: போட்டோஷொப்பில் த்ரெஷோல்ட் லேயர் ஒன்று போட்டு 255க்கு இழுங்கள். சுத்த வெள்ளை மட்டும் வெள்ளையாக நிற்கும், மற்ற எல்லாம் கறுப்பாகும். மூலையில் கறுப்புத் திட்டு தெரிந்தால் அங்கே பிரஷ். பார்த்து முடித்ததும் லேயரை அழித்துவிடுங்கள். ஒருமுறை மறந்துபோய் அப்படியே அனுப்பி ஏச்சு வாங்கினேன்.

கொட்டாஞ்சேனை ஸ்டூடியோ | வெள்ளி மாலை 5.45

அச்சுக்குப் போகிற படத்தில் 255 வைக்காதீர்கள் என்பது என் கட்சி. அந்த இடத்தில் மையே விழாது, அல்பத்தின் வெள்ளைத் தாளோடு படத்தின் ஓரம் கலந்துவிடும். ஒரு மெல்லிய கோடாவது போடுங்கள்.

விசாப் படத்துக்கும் இதே ஆசையில் வருகிறார்கள். அமெரிக்க விசா 2க்கு 2 அங்குலம், வெள்ளை அல்லது வெள்ளைக்குக் கிட்டிய நிறம் போதும். 2016 நவம்பரிலிருந்து மூக்குக்கண்ணாடி போட்ட படத்தை ஏற்பதில்லை. அதில் பின்னணியைக் கணினியால் வெட்டி ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், லைட்டால்தான் வெளுக்க வேண்டும்.

சாறிப்பெட்டி | சனி மாலை 3.30

கடைசிக் கேள்வி என்று நினைக்கிறேன். வெள்ளைச் சாறி. கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு என்று ஐந்து வைத்திருக்கிறேன். வெள்ளையில் வெள்ளை வைத்தால் தங்கச்சியின் தலையும் கையும் மட்டும் மிதக்கிறது.

செட்டியார் தெரு | சனி மாலை 4.18

வெள்ளிக் கொலுசு எடுக்கும்போது எனக்கும் இதே தலையிடிதான். முழுக்க வெள்ளை சூழ்ந்தால் வெள்ளி தன் வடிவத்தையே இழந்துவிடும். அதனால் கொலுசின் இரு பக்கமும் கறுப்பு அட்டைக் கீலம் வைப்பேன். அந்தக் கறுப்பு வெள்ளியின் ஓரத்தில் ஒரு கோடாகப் பிரதிபலிக்கும், அந்தக் கோடுதான் உருவத்தை வரையும்.

சாறிக்கும் அதேதான். ஆளுயர ரெஜிபோம் அட்டை இரண்டுக்குக் கறுப்புத் தாள் ஒட்டி, தங்கச்சிக்கு மிகக் கிட்ட, படத்தில் விழாத அளவுக்கு நெருக்கி வையுங்கள். அன்று சால்வை தெறித்த வெளிச்சத்தைத் தடுத்தது. இன்று அட்டை விளிம்பை இருட்டாக்கப் போகிறது. முன் லைட்டை முகத்துக்கு நேராக வைக்காமல் நன்றாகப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள், மடிப்புகளில் நிழல் விழட்டும். எதிர்ப்பக்க வெள்ளை அட்டையை எடுத்துவிடுங்கள். சாறி 235, 240க்குள் நிற்க வேண்டும், பின்னணி மட்டும் 255. இங்கே பின் பிளாஷ் அரை ஸ்டொப் கூடினாலும் காரியம் கெடும்.

ரோல் வாங்கக் காசில்லை | சனி இரவு 7.02

முழு உருவத்தில் காலடிப் பேப்பர் மட்டும் சாம்பலாக வருகிறதே, அதற்கு என்ன வழி?

அரை ஸ்டொப் | சனி இரவு 7.40

பின் லைட் நிலத்துக்கு வராது, அதனால்தான். பளபளக்கும் வெள்ளை மெலமைன் பலகை ஒன்றை ஹார்ட்வெயார் கடையில் வெட்டி வாங்கி, பேப்பருக்கு மேல் காலடியில் போடுங்கள். பின்னால் உள்ள வெள்ளையை அது கண்ணாடி போல வாங்கித் தரும். கமரா எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. காலடி நிழலை முழுக்க அழிக்காதீர்கள், அழித்தால் ஆள் அந்தரத்தில் நிற்பார். செருப்பைத் துடைத்துவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

சாறிப்பெட்டி | ஞாயிறு இரவு 8.55

வெள்ளைச் சாறி ஐந்தும் எடுத்து முடிந்தது. நாலு நன்றாக வந்திருக்கிறது. ஐந்தாவதில் கறுப்பு அட்டை தங்கச்சி மேல் விழுந்து, அவள் பின் பிளாஷ் மேல் விழுந்து, பிளாஸ்டிக் மூடி உடைந்துவிட்டது. இந்த மூடி மட்டும் தனியாகக் கொழும்பில் எங்கே கிடைக்கும்?

செட்டியார் தெரு | ஞாயிறு இரவு 9.10

வாங்க வேண்டாம். தயிர்க் கோப்பை, வெள்ளைப் பிளாஸ்டிக். நன்றாகக் கழுவிவிட்டு மாட்டுங்கள்.